ஆட்டம் பூஜ்யம்

பிரேக் டிஸ்க் அளக்கும் புரோகிராம், கோணல் டிஸ்க்கை நல்லது என்று சொல்லிவிட்டது.

இடம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. டிஸ்க்கைச் சுழற்றி, அது எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லும் புரோகிராம் என்னுடையது. கூட்டல் பெருக்கலை அது போடாது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும், கணக்கு லைப்ரரி என்ற ரெடிமேட் புரோகிராமிடம் கொடுத்து வாங்கும். அடுத்தவன் எழுதி, மெஷின் மொழிக்குக் கம்பைல் செய்ததை நம்பிப் பிழைக்கிற தொழில். உங்களுக்கும் இதே தொழில் என்றால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

என் மேஜையில் ஓடுகிறது

அன்று உற்பத்தி லைனில் இருக்கும் கம்ப்யூட்டரில் புரோகிராம் திறந்த உடனே செத்தது. என் மேஜையில் அதே புரோகிராம் அழகாக ஓடியது. சொன்னேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். யார் மதித்தார்கள்?

விசாரித்தால், ஐ.டி. பாஸ்கர் காலையில் லைன் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டிருக்கிறார். கணக்கு லைப்ரரியும் அதோடு மாறிவிட்டது. யாரைக் கேட்டுப் போட்டீர் என்றேன்.

"அப்டேட்தான் சார் போட்டேன், குண்டா போட்டேன்?"

எல்லாம் ஓகே

புது லைப்ரரியோடு புரோகிராமை மறுபடி கம்பைல் செய்தேன். சாகவில்லை. விட்ட நேரத்தைப் பிடிக்க லைனை விரட்டினார்கள். கேன்டீன் போய் வந்து திரையைப் பார்த்தால், ஆட்டம் பூஜ்யம், ஓகே. அடுத்ததும் பூஜ்யம். அதற்கடுத்ததும். சுற்றுகிற இரும்பு கொஞ்சம்கூட ஆடாதா? டிஸ்க்கே வைக்காமல் பொத்தானை அழுத்தினேன். ஆட்டம் பூஜ்யம். ஓகே.

சூப்பர்வைசர் தேவராஜ் சேரப்பணஞ்சேரிக்காரர். பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், லைன் சூப்பரா ஓடிக்கினு கீது. நீங்க மட்டும் சாவு வூட்டுக்கு வந்தாப்ல மூஞ்ச வெச்சினு கீறீங்க?"

தண்டலம் தாண்டிய லாரி

அந்தப் பூஜ்யங்களெல்லாம் லாரி ஏறிப் போயிருந்தன. போய் இறங்கினால் அன்றைக்கே வண்டிகளில் மாட்டிவிடுவார்கள். வண்டியில் குடும்பம் ஏறும். லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு டிரைவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

கடைசியில் எடுத்தார். தண்டலம் தாண்டி டிராஃபிக்கில் நிற்கிறாராம். வாழ்க்கையில் முதல் முறையாக டிராஃபிக்கை வாழ்த்தினேன். திரும்பி வாருங்கள் என்றேன். மதுரைப் பக்கத்து ஆள், நிதானமாகக் கேட்டார்.

"திரும்புறேன்யா. சரக்குல குத்தமா, ஒங்க கணக்குல குத்தமா? அதச் சொல்லுங்க மொதல்ல."

நாலும் எட்டும்

லாரி வந்தது. எல்லாவற்றையும் இறக்கி, முள் நகர்ந்து ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜ் வைத்துக் கையால் அளந்தார்கள். இரண்டு டிஸ்க் கோணல். தேவராஜ் அவற்றைத் தன் கையாலேயே தனியே எடுத்து வைத்தார்.

நான் அதற்குள் அப்டேட்டைத் திட்டி, கம்பைலரைத் திட்டி, லைப்ரரியை மூன்று தரம் அழித்துப் போட்டிருந்தேன். பூஜ்யம் அசையவில்லை. எங்கள் ஆபீஸில் கம்பைலர் விவகாரம் பார்க்கும் மும்தாஜ் வந்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் புரோகிராம், 'இத்தனை எண்களைக் கூட்டு' என்பதை நாலு பைட்டில் எழுதுகிறது. புது லைப்ரரி அதை எட்டு பைட்டாகப் படிக்கிறது. மெமரியில் பக்கத்து நாலு பைட்டில் கிடக்கும் குப்பையும் சேர்ந்துகொள்கிறது. குப்பை பெரிய எண்ணாக இருந்தால் புரோகிராம் சாகும். மைனஸாக இருந்தால், கூட்ட ஒன்றுமில்லை என்று லைப்ரரி பூஜ்யத்தை நீட்டிவிடும். புரோகிராமையும் எட்டுக்கு மாற்றிக் கம்பைல் செய்தார். கோணல் டிஸ்க்கை வைத்தோம். திரை சிவந்து, கோணல் என்றது.

இதில் யார் மேல் தப்பு என்று கேட்டேன்.

"உங்க புரோகிராம், அந்த லைப்ரரி, ரெண்டு பேருமே ஒழுங்குதான் சார். நாலா எட்டான்னு முன்னாடியே பேசி வெச்சுக்கல, அவ்ளோதான்."

அன்றைக்கு நான் கும்பிட்ட சாமிகள் பல; கம்பைல் செய்தது மும்தாஜ்.