டிரபுள் ஊரின் கழித்தல் குறி

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டின் வசந்தம். பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு காலையில், புதிய நூலகராகப் பொறுப்பேற்க மார்வா சாவியுடன் வந்தபோது, ஓர்வில் நிகார்ட் என்ற முதியவர் வாசலில் காத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் நேராகக் கணினியின் முன் போய் அமர்ந்தார். தேடல் பெட்டியில் ஒற்றை விரலால் கழித்தல் குறியைத் தட்டினார். அதையொட்டித் 'திருமணம்' என்று எழுதினார்.

"ஒழிஞ்சுது கல்யாணம்!" என்றார். அதற்குப் பிறகுதான் தொப்பியைக் கழற்றி மார்வாவுக்கு வணக்கம் சொன்னார்.

குற்றம் அவருடையதன்று, ஊரின் பெயர் அப்படி. வடக்கு டகோட்டாவின் கோதுமை வயல்களுக்கு நடுவிலுள்ள அந்த ஊருக்கு 'டிரபுள்' என்று பெயர். தொல்லை என்பது பொருள். முதலில் குடியேறவந்தவர்களின் வண்டிச் சக்கரம் அங்கே முறிந்ததாம். கோபத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஓர்வில் அவ்வூர்த் தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு ஆண்டுகள், தூசும் உமியும் கழித்து எடை சொன்னவர். ஓய்வுபெற்றபின், ஊரைப் பற்றி வரும் செய்திகளையெல்லாம் நூலகக் கணினியின் செய்தித் திரட்டியில் தேடியெடுத்து, திங்கட்கிழமைதோறும் ஒரு தாளில் அச்சிட்டு, அஞ்சலகப் பலகையில் குத்திவைக்கிறார். ஊரிலுள்ள இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அதுதான் நாளிதழ்.

ஊர்ப் பெயரை மட்டும் எழுதித் தேடினால், உலகத்துத் தொல்லைகள் அனைத்தும் திரையில் வந்து குவியும். மாநிலத்தின் பெயரையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் அடைத்தால், ஆண்டுக்கு மூன்று செய்திகள்கூடத் தேறா. அக்கம்பக்கத்து ஒன்பது இதழ்கள் போதும் என்று வடிகட்டிப் பார்த்தார். அவற்றிலும் நெஞ்சுத் தொல்லை, நாய்த் தொல்லை, மருமகள் தொல்லை. ஆகவே, வேண்டாத சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறி; அந்தச் சொல் உள்ள செய்தி எதுவும் பிறகு திரைக்கு வராது. அப்படி அறுபத்தொரு சொற்கள்.

"மைனஸ் போட்டா உலகமே சுத்தமாயிடுது, தாயே!"

'மரணம்' என்ற சொல்லை மட்டும் அவர் கழிக்கவில்லை. "நம்ம ஆளு செத்தா யாரு சொல்லுவா?" என்பார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில், அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, மார்வாவும் அவரும் காப்பிக் கடையில் அமர்ந்திருந்தார்கள். பக்கத்து ஊரான லார்க்கினிலிருந்து வந்த டுவெயின், அவருடைய முதுகில் தட்டினான்.

"யோவ் ஓர்வில், உங்க தீயணைப்பு என்ஜினை நல்லாக் கழுவி வைங்கய்யா. திங்கக்கிழமை எங்க ஊருக்கு ஓட்டிட்டுப் போறோம்."

"எங்க என்ஜினையா? எவன் சொன்னான்?"

"மாவட்ட ஆபீஸ் அறிவிப்பு. மூணு வாரமாப் பேப்பர்ல வருதே! ஊருக்கே நீதானய்யா படிச்சுச் சொல்றவன்?"

ஓர்வில் காப்பியைப் பாதியில் விட்டு எழுந்தார். லார்க்கின் நாற்பது நிமிடத் தொலைவு. காய்ந்த கோதுமையில் ஒரு பொறி விழுந்தால், அங்கிருந்து வண்டி வருவதற்குள் ஊரே சாம்பலாகிவிடும்.

நூலகத்தில், கழித்த சொற்களை ஒவ்வொன்றாக அழித்தார். நெஞ்சு, நாய், மருமகள், ஒன்றுமில்லை. 'என்ஜின்' என்பதை அழித்ததும் அறிவிப்பு திரையில் வந்து விழுந்தது. மறுப்பதானால், ஐம்பது கையெழுத்துகளை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

"வழியில நிக்கிற வண்டிக்காகக் கழிச்சேன். எவனுக்காவது தினம் என்ஜின் தொல்லை..."

"மெஷின் பண்ணின தப்புன்னு சொல்லிடலாமே?" என்றாள் மார்வா.

"மெஷின் சொன்னதைச் செஞ்சுது. சொன்னவன் நான்."

இரண்டு நாள்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் தம் தவற்றை முதலில் சொல்லி, பிறகே தாளை நீட்டினார். மார்வா காரோட்டினாள். ஐம்பதாவது கையெழுத்துக்காக அல்மா வீட்டுக் கதவைத் தட்டியபோது வெள்ளி மாலை நான்கு மணி.

"போன மாசம் ஆப்பிள் பை சுடுற போட்டியில எனக்குப் பரிசு. பேப்பர்ல வந்துது, உன் பலகையில வரலியே? என்னையும் மைனஸ்ல போட்டியா?"

"உன்னை இல்ல அல்மா. அடுப்பைக் கழிச்சிருக்கேன்."

"அடுப்பையா! அடுப்பில்லாம ஆப்பிள் பை என்ன வெயில்லயா வேகும்? மொதல்ல அதைப் பலகையில ஒட்டு, அப்புறம் கையெழுத்து."

"ஊரு எரிஞ்சா பலகையும் எரியும், அல்மா!"

அவள் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கையில் தாள் மாவட்ட அலுவலகத்தைச் சேர்ந்தது. அடுத்த வாரமே முடிவு கைவிடப்பட்டது. என்ஜின் கொட்டகையிலேயே நின்றது.

செய்தி வந்த அன்று ஓர்வில் நூலகத்துக்கு வந்து, ஊர்ப் பெயரை மட்டும் எழுதினார். நாலாயிரத்து அறுநூறு தொல்லைகள். மேலிருந்து படிக்கத் தொடங்கினார். ஐந்தாவது செய்தியில் எங்கோ ஒரு பாடகரின் விவாகரத்து. விரல் தானாகக் கழித்தல் விசையை நோக்கி எழுந்து, அந்தரத்தில் நின்றது.

"மார்வா, ஒரு பிளாஸ்திரி இருந்தாக் குடேன்."

"ஐயோ, கையில அடியா?"

அவள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், ஓர்வில் பின்தாளை உரித்து, கழித்தல் விசையின்மேல் அதை ஒட்டி, இரு ஓரங்களையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.