டேப் மாமாவின் ஆறு சிவப்பு ஒயர்கள்

தன் லாரியில் எது ஒடிந்தாலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சரிக்கட்டிவிடுவார் என்பதால் அவருக்கு டேப் மாமா என்று பெயர். கண்ணாடிக்கு டேப், கதவுக்கு டேப். ஒருமுறை கட்டைவிரல் வெட்டுப்பட்டபோதும் டேப்தான். மருத்துவ உலகம் இதைக் கண்டுகொள்ளவில்லை, விரல் ஆறிவிட்டது.

அந்த லாரி இப்போது வீட்டு அடுப்படி ஜன்னலை மறைத்துக்கொண்டு படுத்துவிட்டது. இஞ்சின் ஒயர்களை வண்டியின் ஒயர்களோடு சேர்க்கும் ஆறு துளை பிளாஸ்டிக் கப்ளர், சூடு பட்டுப் பட்டுப் பூட்டு ஒடிந்து, பல்லுப்போன வாய் மாதிரி எதையும் பிடிக்காமல் கிடந்தது. டேப்பும் கைவிட்டது. டேப்புக்கு அடங்காத வியாதியை மாமா அப்போதுதான் முதன்முதலாகச் சந்தித்தார்.

மாமாவின் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டார். "சனிக்கிழமைக்குள்ள அது கிளம்பணும். இல்லன்னா என் தம்பி வந்து இழுத்துட்டுப் போவான். பட்டப்பகல்ல அடுப்படியில லைட் போட்டு எத்தனை நாளைக்குச் சமைக்கிறது?"

தம்பி காயலான் கடைக்காரர். அக்கா வீட்டுக்கு வந்தால் அக்காவை விசாரிக்கும் முன் லாரியை விசாரிப்பார்; பார்வையிலேயே எடை போட்டுவிடுவார். லாரி போய்விட்டால் மாமா இன்னொருவரிடம் டிரைவராகக் கைகட்டி நிற்க வேண்டும். இத்தனை காலம் தானே முதலாளி, தானே தொழிலாளி என்று இருந்து, தன்னையே திட்டி, தனக்கே லீவும் கொடுத்து வாழ்ந்த மனிதர்.

உதிரிபாகக் கடைகளில் எதைக் கேட்டாலும், "சாம்பிள் கொண்டாங்க" என்பார்கள். சாமியே நேரில் வந்து நின்றாலும் சாம்பிள் கேட்பார்கள்; வெறுங்கையோடு போன மாமாவிடமும் கேட்டார்கள். மாமா முறைக்குக் கட்டுப்பட்டவர். வீட்டுக்குத் திரும்பி, கப்ளரை ஒட்ட நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினார்.

முதல் கடையின் கம்ப்யூட்டர், இப்படியொரு லாரி தயாரிக்கப்படவே இல்லை என்றது. மாமா சாவியை எடுத்துக் காட்டினார், கம்ப்யூட்டர் மசியவில்லை. இரண்டாம் கடைக்காரர் சாம்பிளை மோந்து பார்த்துவிட்டு, இதே மாதிரிதான் என்று மோட்டார் சைக்கிள் கப்ளர் ஒன்றை நீட்டினார். மூன்றாமவர்தான் நேர்மையாக, காயலான் கடைக்குப் போகச் சொன்னார்.

மாமா மானத்தை மடித்து வைத்துவிட்டு மச்சினனிடம் போனார். மச்சினனின் இழுவை வண்டியும் அதே மாடல். அதற்கு உதிரியாகட்டும் என்று செத்த லாரி ஒன்றை வைத்திருந்தார். அதிலிருந்து கப்ளரை நறுக்கிச் சும்மாவே கொடுத்தார். "வச்சுக்குங்க மாமா. சனிக்கிழமை எப்படியும் வண்டியோட திரும்பி வந்துடும்."

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தபோதுதான் மாமாவுக்கு உறைத்தது. நறுக்குமுன் எந்த ஒயர் எந்தத் துளைக்கு என்று குறித்துக்கொள்ளவில்லை. கலரைப் பார்க்கலாமென்றால், ஆறும் சிவப்பு. எப்போதோ மொத்த ஒயரையும் ஒரே சுருளிலிருந்து மாற்றியவர் மாமாதான். சிவப்பு எடுப்பாக இருக்குமென்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை மச்சினன் கொக்கியும் சங்கிலியுமாக இழுவை வண்டியில் வந்து இறங்கினார். மாமா கொக்கியைப் பார்க்கவில்லை. அந்த வண்டியின் பானெட்டைப் பார்த்தார். உள்ளே கம்பெனி போட்ட கலர்கள் அப்படியே இருக்குமே. தம்பிக்கு நிதானமாகக் காபி போட்டுக் கொடுக்கும்படி மனைவியிடம் அவ்வளவு பாசத்தோடு அவர் சொன்னதே கிடையாது.

காபி ஆறுவதற்குள் இழுவை வண்டியின் கப்ளரைப் பிரித்துத் துளைகளைப் பார்த்தார். மஞ்சள் ஆயிலுக்கு, நீலம் பம்ப்புக்கு என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தார். திரும்பச் செருகும்போது 'டிக்' என்றொரு சத்தம். அது பூட்டு மாட்டுகிற சத்தமல்ல என்பது மாமாவுக்குத் தெரியும். பானெட்டைப் பூப்போல மூடினார்.

தன் லாரியின் சிவப்பு ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், எது எங்கிருந்து வருகிறதென்று பார்த்து, அதே வரிசையில் மச்சினன் கொடுத்த கப்ளரோடு முறுக்கி டேப் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் லாரி இருமியது, கனைத்தது, கிளம்பியது. புகை அடுப்படிவரை போய் மச்சினனின் காபியில் இறங்கியது. அவர் தோற்ற முகத்தோடு போய்த் தன் வண்டியில் சாவியைத் திருப்பினார். அது வாயே திறக்கவில்லை.

"மாமா, என் வண்டியில என்னத்தத் தொட்டீங்க?"

"பாத்தேன். தொடாம எப்படிப்பா பாக்கறது?"

"மாத்துறதுக்கு இருந்ததே அந்த ஒரு கப்ளர்தான். அதைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன்."

"கடையில கேட்டுப் பாரு," என்றார் மாமா, பரிவோடு. "சாம்பிள் கொண்டு போ. வெட்டும்போது மட்டும் குறிச்சுக்க."

அதே கொக்கி, அதே சங்கிலி. லாரி முன்னே போக, இழுவை வண்டி பின்னால் தலையாட்டிக்கொண்டே போனது. அக்கா ஜன்னல் வழியே தம்பி தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அடுப்படி லைட்டை அணைத்தார்.