சிவப்புக் கோடு

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழாத கட்டங்களில், மணி பத்து பத்துக்குச் சிவப்பு மையால் கோடு இழுப்பது என் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். மூன்று கோடு விழுந்தால் ஒரு நாள் விடுப்பு போய்விடும். ஆள் பார்த்து நடக்காதவன் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது.

தபால் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், எழுமலையிலிருந்து பஸ்ஸில் வருவார். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது. அவருடைய இருக்கை தரைத்தளத்தில். பதிவேடோ மாடியில், என் மேசைமேல். வாரத்துக்கு இரண்டு நாளாவது அவருக்குக் கோடு விழும்.

“முந்தின பஸ்ஸப் பிடிக்க வேண்டியதுதானப்பா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

“இனிமே சரியா வந்துர்றேன் சார்” என்பார்.

மனைவிக்குப் பிரசவ நேரம் வந்தபோது விடுப்புக் கேட்டார். ஒரு நாள்கூட மிச்சமில்லை; எல்லாம் நான் வெட்டியவை. “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டேன். பெண் குழந்தை பிறந்த செய்தியை அவர் அலுவலக போனில்தான் கேட்டார்.

அடுத்த வாரம் ஏதோ ஒரு கடிதத்தைத் தேடிக் காலையிலேயே தபால் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதே முக்காலுக்கே அவர் வந்துவிட்டார். பையை வைத்துவிட்டுப் படிக்கட்டின் அடியில் சுவரோரம் நின்றார். ஒடுக்கமான படி, கைப்பிடி கிடையாது. அவர் சுவரைப் பிடித்து ஏறினால் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரையும், “நீங்க போங்க, நான் வாரேன்” என்று அனுப்பிக்கொண்டிருந்தார். கூட்டம் தீர்ந்து அவர் முதல் படியில் கால் வைத்தபோது மணி பத்து பத்து ஆகிவிட்டது.

வெட்கத்தில் என் முகம் எரிந்தது. எனக்கும் தினமும் அப்படித்தான் வழி விட்டிருக்கிறார். நானும் விறுவிறுவென்று மேலே போய், சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

மறுநாள் பதிவேட்டைக் கீழே கொண்டுவரச் சொன்னேன். பியூன் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அம்புட்டுதான் வேலை.

முதல் கையெழுத்து அவருடையது. “ரொம்ப நன்றி சார்” என்று கும்பிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். “இருக்கட்டும்ப்பா” என்று பெரிய மனுஷனைப் போலத் தலையாட்டிவிட்டு, இரண்டு இரண்டு படியாக மாடிக்கு ஏறிவிட்டேன்.