இல்லாத பாலத்தில் ஆயிரம் பேர்

குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று கண்டக்டரம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "குழாய் எந்தத் தேதியில் சரிசெய்யப்படும்?" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கணவரின் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு, பேனா மூடியைக் கடித்தபடி நிற்பார். கணவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சீட்டின் பின்பக்கம் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி நீட்டுவார்.

அம்மா பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, தேர்தலில் நின்று, வீட்டுக்காரரே எதிர்பாராதபடி ஜெயித்து, சட்டமன்றத்தில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவர். நெரிசலில் ஒடுங்கி நிற்கும் ஆசாமியின் முழியைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவன் என்று பிடித்த கண், இப்போது அரசாங்கத்தின் பதில் தாள்களை மேய்கிறது. மற்ற உறுப்பினர்கள் மேஜையைத் தட்டி முழங்குவார்கள். இவர் எழுதிக் கேட்பார். எழுதிக் கேட்டால் அமைச்சரும் எழுதித்தான் பதில் தரவேண்டும். அது சபை விதி.

"ஏன் செய்யலைன்னு கேட்டா கதை விடுவாங்க. எத்தனை, எப்போன்னு கேட்டாத்தான் மாட்டுவாங்க" என்பது அவர் தொழில் சூட்சுமம்.

தொகுதியின் ஓரத்தில் ஒரு கால்வாய். அக்கரைப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். போன மழையில் ஒரு சிறுமியை வெள்ளம் இழுத்துப்போனது; மரக்கிளை புண்ணியத்தில் பிழைத்தாள். பாலத்துக்கு அடிக்கல் நட்டு நாளாயிற்று. கல்லில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். அடுத்த மழைக்குள் பாலம் வந்தாக வேண்டும்.

"அந்தப் பாலத்தை நாள்தோறும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?" என்று எழுதிப் போட்டார். கட்டாத பாலத்தைப் பற்றி இப்படியா கேட்பது என்று கணவர் விழித்தார். துறையில் எந்தப் புண்ணியவான் எந்தப் பாலத்தின் பதிலைப் பார்த்து எழுதினாரோ, வந்தது விடை: பாலம் முழுப் பயன்பாட்டில் உள்ளது, நாள்தோறும் சுமார் ஆயிரம் பேர் கடக்கிறார்கள். கீழே அமைச்சரின் கையெழுத்து.

கண்டக்டரம்மா தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தையற்கடைக்குள் ஒரு சுற்று ஆடினார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் தூக்கிய கையை இறக்கவில்லை.

"பொய் சொல்லியிருக்காங்க. அதுக்குப் போயி ஆடறியே" என்றார் கணவர்.

"வாய்ப்பொய்யா இருந்தா அழுவேங்க. இது கையெழுத்துப் போட்ட பொய்."

மறுநாளே அடுத்த கேள்வி. ஆயிரத்தோராவது ஆளாகத் தானும் நடக்க விரும்புவதாகவும், அமைச்சர் எந்தத் தேதியில் துணைக்கு வருவார் என்றும் கேட்டிருந்தார். விஷயம் கசிந்ததும் எதிர்வரிசை குலுங்கிச் சிரித்தது. ஆளும் வரிசையிலும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அமைச்சரின் உதவியாளர் போனில் குழைந்தார். ஏதோ கைத்தவறாம். வேலையைச் சீக்கிரம் ஆரம்பித்துவிடுவார்களாம்.

"கேள்வியை வாபஸ் வாங்கிக்குங்களேன், அக்கா."

"வாங்கிக்கறேன் தம்பி. பாலத்து மேல நின்னு வாங்கிக்கறேன்."

தப்பான பதில் தந்த அமைச்சர் சபையில் தானே எழுந்து திருத்தவேண்டும், அதுவும் விதி. எழுந்தார். பாலம் இன்னும் கட்டப்படவில்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். சிரிப்பு அடங்கவில்லை. அதை அடக்கவே, மழைக்கு முன் முடித்துவிடுவோம் என்று ஒரு தேதியையும் சொல்லிவைத்தார். தேதி சபைக் குறிப்பில் ஏறிவிட்டது. பிறகென்ன, தூண் எத்தனை எழும்பியது, தளம் எதுவரை வந்தது என்று டிக்கெட் கிழிப்பதுபோல் கேள்வி கிழித்தார் கண்டக்டரம்மா. முதல் தூறலுக்குச் சற்றுமுன் பாலம் எழுந்து நின்றது. மரக்கிளையில் தப்பிய சிறுமி, செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு முதலில் நடந்தாள்.

கண்டக்டரம்மா இப்போதும் எதிர்வரிசையில்தான் இருக்கிறார். போன வாரம் கணவர் வேலை அவசரத்தில் சீட்டின் பின்பக்கம், "குழாய் பழுது நீக்கப்பட்டுவிட்டது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உள்ளே சொட் சொட்டென்று சத்தம்.  கண்டக்டரம்மா சீட்டை மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

கணவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பானரைத் தேடி எழுந்தார்.