'மற்றவை'க்குப் பூஜ்யம்

உள்ளறையிலிருந்து "டொய்ங்ங்" என்று ஒரு சத்தம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர், "இன்னைக்கு யாரு அவுட்டு?" என்று குரல் கொடுத்தார்.

"யாரும் இல்ல, தப்பு விடைக்குப் புதுச் சத்தம், சும்மா போட்டுப் பாக்குறேன். கேட்டா அழுகை வருதா, சிரிப்பு வருதா?" என்றாள் உள்ளே இருந்த மனைவி.

"பசி வருது!"

வீட்டில் அவளுக்கு 'மார்க்கு மகராணி' என்று பெயர். இணைய வினாடி வினாக்களுக்கு மதிப்பெண் முறை வகுப்பது அவள் வேலை. எந்தக் கேள்விக்கு எத்தனை, தப்புக்கு என்ன சத்தம், முடிவில் என்ன பட்டம், எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். "முட்டை வாங்கினவனும் சிரிச்சுக்கிட்டே அடுத்த ஆட்டத்துக்கு வரணும். அதுலதான் என் பொழைப்பு ஓடுது" என்பாள். யோசிக்கும்போது பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு, வீடு முழுக்க அதையே தேடுவாள். கணவர் போடும் காபிக்குப் பத்துக்கு ஆறரை. அந்த அரை, சூட்டுக்காம்.

அவளுடைய தோழியான நான் போயிருந்த அன்று அழைப்பு மணி விடாமல் அலறியது. வாசலில் அவளுடைய அண்ணி. கையில் பெட்டி, முகமெல்லாம் கண்ணீர்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். உன் ஆட்டத்துல பத்துக்கு ரெண்டு! 'ஒரே கூரையின் கீழ் இரு அந்நியர்கள்'னு பட்டம் வேற. நீ எழுதினதுதானே?"

"ஐயோ அண்ணி, அது தமாஷுக்கு..."

"எனக்கு வயிறு எரியுது, உனக்குத் தமாஷா? உங்கண்ணன் வாயையே திறக்கல. பொய்யின்னா ஒரு வார்த்தை மறுத்திருக்க மாட்டாரா? நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

தம்பதிகளுக்கான ஆட்டம் அது. மனைவி தன்னைப் பற்றிய விடைகளைக் குறிப்பாள்; கணவன் அவற்றை ஊகிக்க வேண்டும். மகராணி பதறிப்போய் அண்ணனின் விடைகளைக் கணினியில் திறந்தாள்.

பத்தில் எட்டுக் கேள்விகளில், கொடுக்கப்பட்டிருந்த நான்கு விடைகளை அண்ணன் தொடவே இல்லை. கீழே இருந்த 'மற்றவை'யைத் தட்டி, கட்டத்துக்குள் தானே எழுதியிருந்தார். 'மற்றவை'க்கு அவள் வைத்திருந்த மதிப்பெண் பூஜ்யம். அதை யாரும் சீண்டமாட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்காரு? படி" என்றாள் அண்ணி.

பிடித்த நிறம்? 'நீலம்னு குறிச்சிருப்பா. ஆனா வாங்குறதெல்லாம் பச்சை.'

அண்ணி குனிந்து தான் உடுத்தியிருந்ததைப் பார்த்தாள். பச்சை.

எதற்குப் பயம்? 'இருட்டுன்னு சொல்லுவா. அது இல்ல. ஆஸ்பத்திரி வாசனை. அவ அம்மா போன நாள்லேருந்து.'

அண்ணியின் அழுகை சட்டென்று நின்றது. "இதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லையே..."

"இதுக்குப் போயி முட்டை போட்டிருக்கேனே!" மகராணி மதிப்பெண் பட்டியலைத் திறந்தாள். "இப்பவே மாத்திடறேன் அண்ணி. எத்தனை போடட்டும்? நீங்களே சொல்லுங்க."

"ஒண்ணும் போட வேணாம். அந்த மனுஷன் காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல." பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

வாசலில் செருப்பு மாட்ட அவள் காலை நீட்டியபோதுதான் பார்த்தோம். ஒன்று அவளுடைய செருப்பு. மற்றது அண்ணனுடையது, கப்பல் மாதிரி. கிளம்பிய வேகத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மகராணி மண்டியிட்டு, அந்தப் பெரிய செருப்பைத் திருப்பி, அண்ணியின் காலுக்கு நேராக வைத்தாள். அண்ணி அதையே மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஓசை தேயும்வரை நின்றிருந்துவிட்டு, மகராணி கதவைச் சாத்தினாள்.