நாலாவதாகப் பறப்பவனுக்காகப் பேசியவர்

வட்டக்கச்சி பஸ்ஸிலிருந்து இறங்கிய வாய்க்கால் காவலர் முருகேசு நேராக என் மேசைக்கு வந்தார். கிளிநொச்சியில் அரசாங்கக் கந்தோர் வாசல் மரத்தடியில் தட்டச்சுப்பொறி வைத்து மனு அடித்துக் கொடுப்பது என் தொழில். அப்போது ஒருவருடைய காணி மனுவின் நடுவில் இருந்தேன்.

“சின்னராசா அண்ணை காலமை வரம்பிலை குந்தியிருந்தவர். அப்பிடியே சரிஞ்சிட்டார்” என்றார் முருகேசு.

தாளைப் பொறியிலிருந்து உருவி, மனுக்காரரை நாளைக்கு வரச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். இறந்தவர் யார் என்று தெரிந்ததும் தானும் எங்களோடு பஸ் ஏறினார். அவருடைய வயலுக்கும் ஒரு போகம் தண்ணீர் வந்தது சின்னராசா போட்ட சண்டையால்தான்.

‘பிளேன் சின்னராசா’ என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். விமானப்படையில் நீண்டகாலம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். நான்கு விமானங்கள் இறக்கையோடு இறக்கை சேர்த்தாற்போலப் பறந்து வித்தை காட்டும் குழுவின் எஞ்சின்களெல்லாம் அவர் கையில்தான் இருந்தன. ஓய்வுபெற்று வந்து மூன்று ஏக்கர் வயல் செய்தார். முசுடு என்று சிலர் சொல்வார்கள். முசுடுதான். நானும் முசுடுதான், அதனால் எங்களுக்கு ஒத்துப்போயிற்று. எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து மனைவி பிள்ளைகளோடும் இந்தப் பொறியோடும் வந்து இறங்கிய எனக்கு, இந்த ஊரில் முதலில் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டவர் அவர்.

ஒருநாள் நீண்ட உறை ஒன்றோடு வந்தார். குழுவின் விமானங்கள் பழசாகிவிட்டன, மாற்று விமானம் தெரிவுசெய்ய வேண்டும். ஒன்று வேகமான ஜெட், மற்றது மூக்கில் விசிறி சுழலும் சிறிய உந்தி விமானம். இரண்டையும் பராமரிப்பது பற்றிப் பழைய மெக்கானிக் என்ற முறையில் அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். ஜெட்டைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். என் கை மனு அடித்துப் பழகிய கை. அவர் “ஜெட் கூடாது” என்றார். நான் “ஐயா அவர்கள் கருணைகூர்ந்து மீள்பரிசீலனை செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்” என்று அடித்தேன். வயிற்றுப்பாட்டுக்கு நான் கற்ற ஆங்கிலம் அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘தங்கள் ஓய்வூதிய மேன்முறையீடு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.’ முதல் நான்கு வரியைப் படித்த யாரோ அதை ஓய்வூதியப் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் குற்றமில்லை. அந்த நான்கு வரியை யார் படித்தாலும் பசித்த மனிதன் ஒருவன்தான் கண்ணுக்குத் தெரிவான்.

“நீர் இதுக்கை என்னத்தைப் போட்டனீர்?” என்றார் சின்னராசா.

“மரியாதையா இருக்கட்டும்னு போட்டேங்க.”

“நான் கேக்கேல்லைத் தம்பி. சொல்லுறன். கேக்கிறது வேறை, சொல்லுறது வேறை.”

இரண்டாவது கடிதத்துக்கு முன் அவர் என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் நான்கு. முன்னுக்கு அவர், இரண்டு பக்கமும் முருகேசுவும் சின்னராசாவின் மைத்துனரும், பின்னுக்கு நான். ஒருவரின் முன்சில்லுக்கும் முன்னால் போகிறவரின் பின்சில்லுக்கும் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விடாமல் ஓட வேண்டும் என்றார். எனக்குத் தந்த சைக்கிளின் சங்கிலி தளர்ந்திருந்தது. மிதித்தால் அரைச்சுற்றுக்குப் பிறகுதான் பிடிக்கும். முன்னுக்குப் போனவர் கொஞ்சம் விரைந்தார், நான் பின்தங்கினேன். எட்டிப் பிடிக்க மிதித்தேன், சங்கிலி பிடித்தபோது அவர் வேகத்தைக் குறைத்திருந்தார். என் முன்சில்லு அவருடைய பின்சில்லில் இடித்து நான் குளக்கட்டிலிருந்து உருண்டேன்.

“இப்ப விளங்கினதோ?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சங்கிலி தளர்ந்தது என்று முன்னமே சொல்லியிருக்கலாம் என்று கத்தினேன்.

அவர் என் முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டபடி சொன்னார். ஜெட்டின் எஞ்சின் அப்படித்தான், வேகக் கைபிடியைத் தள்ளினால் உடனே கேட்காது, சற்றுப் பொறுத்துத்தான் வேகம் வரும்; உந்தி விமானம் தள்ளினவுடன் கேட்கும். முன்னால் போகிறவருக்கு அதனால் மோசமில்லை, அவர் தன்பாட்டுக்குப் போவார். நாலாவதாகப் போகிறவன்தான் தள்ளுவதும் இழுப்பதுமாகச் சாவான். பிறகு கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “முந்தியும் ஒருக்கால் எஞ்சின் பிந்திக் கேக்குதெண்டு எனக்குத் தெரியும். ஆரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. பறக்கலாமெண்டு கையெழுத்து வைச்சனான். ஒத்திகையிலை நாலாவது பொடியன் போயிட்டான். சொல்லாமல் விட்டது நான்தான்.”

அன்றைக்கு நான் அடித்த கடிதத்தில் ‘தாழ்மையுடன்’ இல்லை. அதற்குப் பதில் வரவில்லை. மூன்றாவது அடித்தோம். அதற்கும் வராமல் நான்காவதை அடிக்கத் தாள் வாங்கிய வாரம்தான் கொழும்புக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது.

புகையிரதத்தில் போனோம். மூன்று அதிகாரிகளும் குழுத் தலைவரும் உள்ளே இருந்தார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. பேச்செல்லாம் ஆங்கிலம், தமிழில் சொல்கிறேன்.

“சனம் வேகத்தையும் சத்தத்தையும் பார்க்கத்தான் வருகிறது” என்றார் குழுத் தலைவர்.

“வருகிற சனம் நாலு ஏறினதைப் பார்த்தால், நாலு இறங்கினதையும் பார்க்க வேண்டும்” என்றார் சின்னராசா. “நீங்கள் முதலாவதாகப் பறக்கிறவர். உங்களுக்கு எந்த விமானமும் சரி. நாலாவதாகப் பறக்கிறவரைக் கேட்டீர்களா?”

கேட்கவில்லை. கேட்கும்வரை தான் எழும்பப் போவதில்லை என்று கதிரையில் இருந்துவிட்டார். கடைசியில் கூப்பிட்டார்கள். மீசை சரியாக முளைக்காத சிங்கள இளைஞர் ஒருவர் வந்து, தலைவரைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார். சின்னராசா அவரிடம் விமானத்தைப் பற்றி நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை.

“சோதனைக்குப் பறந்தபோது ஜெட்டில் கைபிடியைத் தள்ளிவிட்டு எண்ணினால் எத்தனைக்குள் வேகம் வருகிறது?”

“ஐந்து, சேர். சிலவேளை ஆறு.”

“நெருக்கமாகப் பறக்கும்போது உங்களுக்கு ஆறு எண்ண நேரம் இருக்கிறதா?”

இளைஞர் தலைவரிடமிருந்து கண்ணை எடுத்துச் சின்னராசாவைப் பார்த்தார். வெளியே எனக்கு முழங்கால் வலித்தது.

“இல்லை, சேர். ஒன்று எண்ணக்கூட இல்லை.”

திரும்பும் வழியில் ஓமந்தை தாண்டும்வரை சின்னராசா வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பொடியன் சொல்லிப்போட்டான். நான் அந்த வயதிலை சொல்லேல்லை” என்று மட்டும் சொன்னார்.

முடிவைப் பற்றி அதிகாரிகளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. மாதங்கள் கழித்து வந்தது அந்த இளைஞரின் கடிதம். சிறிய விமானங்கள் வந்துவிட்டன, முதல் காட்சி முடிந்தது, நால்வரும் இறங்கினோம், நான் இப்போதும் நாலாவதுதான் என்று எழுதியிருந்தார். அதை நான் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறையும் சொன்னார். பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார். அவர் அழுததை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வயல் கூட்டங்களில் அவர் கேட்டதை நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் முறை ஒழுங்கு வாசித்து முடிந்ததும் எழும்புவார். “வாய்க்கால் கடைசியிலை இருக்கிறவனைக் கேட்டனீங்களோ?” சிலர் சலித்துக்கொண்டார்கள். அவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

அவருடைய கடிதங்களின் கரிப்பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அவரிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது வேறு. இப்போது மனு அடிக்க வருபவரிடம், நீங்கள் கேட்கிறீர்களா, சொல்கிறீர்களா என்று முதலில் விசாரிக்கிறேன். சொல்கிறார் என்றால் ‘தாழ்மையுடன்’ போடுவதில்லை.

பாடை தூக்கியபோது என்னைப் பின்பக்கம் நிறுத்தினார்கள். முழங்கால் பழைய முழங்கால். முன்னுக்குத் தூக்கிய மைத்துனர் நாலடி வைத்துவிட்டு நின்றார், திரும்பிப் பார்த்தார்.

“பின்னுக்கு நிக்கிறவர், வேகம் சரியோ?”

“இல்லை. மெதுவாப் போங்கோ” என்றேன். அவர்கள் மெதுவாகப் போனார்கள்.