சென்சாருக்கு ஈரமான இடம்

பூதலூர் பஸ்ஸில் போன் மறுபடியும் கத்தியது. "மண்ணில் ஈரம் குறைவு. உடனே தண்ணீர் பாய்ச்சவும்."

என் வயலில் நட்டிருக்கும் சென்சார் அனுப்புகிற செய்தி. வாய்க்கால் காய்ந்து கிடப்பது அதற்குத் தெரியாது.

பக்கத்து சீட்டில் இருந்த மேரியக்கா சிரித்தார். அவர்களுக்கு வாய்க்கால் முடிகிற கடைமடையில் நிலம்.

"எங்களுதும் இப்படித்தான் கத்துச்சு தம்பி. வீட்டுக்காரரு பிடுங்கிட்டு வந்து அடிபம்பு பக்கத்துல நட்டுட்டாரு."

"இப்ப என்னக்கா சொல்லுது?"

"பயிர் நல்லா இருக்குன்னு தினம் மெசேஜ் வருது."

"வயல்ல?"

"கருகிப்போச்சு. மாட்டை மேய விட்டுட்டோம்."

வீட்டுக்கு வந்ததும் நானும் சென்சாரைப் பிடுங்கிவிட்டேன். கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் அடிபம்பிலும் காற்றுதான் வருகிறது.

ஈரமான இடம் தெரிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள்.